இடுப்பில் ஒரு கரண்டி

அன்ரியின் இடுப்பில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும். பளபளப்புப் போய்க் கறுத்த, கைப்பிடி வளைந்த சாப்பாட்டுக் கரண்டி. குளிக்க வார்க்கும்போதுகூட அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அவர் வந்த அன்று, சமையலறைக் கரண்டி என்று நினைத்துத் தாதி அதை எடுத்துப் போய்விட்டாள். அவர் போட்ட கூச்சலில் மாடி முழுவதும் அறைக்கு வெளியே வந்து நின்றது. திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடங்கினார்.

நான் அன்ரி என்று கூப்பிட்டாலும் அவர் சொந்தக்காரர் இல்லை, கெமர் இனத்தவர். கம்போடியாவிலிருந்து அகதியாக வந்து நாற்பது வருடம் கனடாவில் வாழ்ந்தவர். எண்பது தாண்டிவிட்டது. இங்கே பழகிய இங்கிலிஷை மறதி நோய் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பிறந்த மொழி மட்டும்தான் மிச்சம். அவரைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுவது என் வேலை.

கெமர் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அங்கே இருக்கும் பெரிய கோயிலைக் கட்டியது தமிழன் என்று மாதம் ஒருமுறையாவது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நானும் பார்க்காமலே நாலு பேருக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். அந்தக் கோயில் இருக்கிற நாட்டில் மனிதர்கள் பட்டினி கிடந்து செத்ததை ஒருவரும் அனுப்பவில்லை. கல்லைப் பற்றித்தான் எங்களுக்குப் பெருமை.

ஒருநாள் பாசத்தில் அவருடைய தலையைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டார். உயிர் தலையில் இருக்கிறது, பிறர் தொடக்கூடாது என்பது தங்கள் வழக்கம் என்று அவருடைய மகள் பிறகு சொன்னார். அதன் பின் தோளை மட்டும் தொடுவேன். மகள்தான் எனக்கு அவர்கள் மொழியில் இரண்டு சொற்கள் சொல்லித் தந்தார். 'ஞாம் ஹாய்' என்றால் சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். அன்ரி அதைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். கரண்டியை வாயருகே கொண்டுபோனால், ஞாம் ஹாய். நாலு தரம் மறுத்துவிட்டு ஐந்தாம் தரம் கொஞ்சம் கஸ்டர்ட் விழுங்குவார். சித்திரை முடிவதற்குள் அவருடைய நிறை பாதியாகிவிட்டதுபோல் இருந்தது. குழாய் வைத்துச் சாப்பாடு ஏற்ற வேண்டாம் என்று மகள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். இப்படியே போனால் நோகாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று டொக்டர் சொன்னார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சோறு தின்று வளர்ந்த வாய்க்கு மசித்த உருளைக்கிழங்கைக் கொடுத்தால் யார்தான் தின்பார்கள் என்று எல்லோரோடும் கத்தினேன். அப்போது வைகாசி மாதம். வைகாசியில் நாங்கள் கஞ்சி காய்ச்சுவோம். அரிசி, தண்ணீர், உப்பு. வேறொன்றும் போடக் கூடாது. போரின் கடைசி மாதங்களில் வன்னியில் எங்களை உயிரோடு வைத்தது அந்தக் கஞ்சிதான். மன்னாரிலிருந்து ஊர் ஊராக ஓடிப்போய்க் கடற்கரை மணலில் கிடந்தபோது எனக்குப் பதினாறு வயது. அம்மாவை அந்த மணலில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். மறக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வருடமும் கோயில் வாசலிலும் கடைத் தெருவிலும் காய்ச்சிக் கொடுக்கிறோம். அதையே ஒரு பிளாஸ்கில் ஊற்றி அன்ரிக்கும் கொண்டுபோனேன்.

என்னோடு வேலை செய்யும் அக்கா பிளாஸ்கைப் பார்த்ததும் மறித்தார்.

"உந்தப் பிளாஸ்கை உள்ள கொண்டு போகாதை, பிள்ளை. வெளிச்சாப்பாடு குடுத்தது தெரிஞ்சால் வேலைக்கு ஆபத்து."

"தெரிஞ்சால் தெரியட்டும் அக்கா. மனிசி பட்டினி கிடந்து சாகுது. நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"மகளிட்டை ஒரு சொல்லுக் கேட்டியோ?"

"கஞ்சி குடுக்கிறதுக்கும் கேக்கோணுமோ?"

கேட்கவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

கோப்பையை அன்ரிக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கரண்டியை உருவி, கோப்பையின் அடியில் மெதுவாகத் துழாவினார். அடியில் கிடந்த பருக்கைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிச் சேர்த்தார். இடமும் வலமும் பார்த்தார். அள்ளிய பருக்கைகளைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் ஆள் உட்காராமல் கிடந்த கதிரைக்கு நேரே, ஒரு சின்னப் பிள்ளையின் வாய் இருக்கக்கூடிய உயரத்தில் நீட்டினார். "ஞாம் ஹாய்" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அவ்வளவு மெல்லிய குரல்.

அன்று மத்தியானத்திலிருந்து அவர் எதற்கும் வாய் திறக்கவில்லை. கஸ்டர்டுக்கும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்பார்கள். நான் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள், எனக்குப் பிள்ளையாரும் தெரியாது. குரங்கை மட்டும் பிடித்துவிட்டேன்.

நாலாம் நாள் மகள் மிசிசாகாவிலிருந்து வந்தார். அறுபதை நெருங்குகிறவர், விமான நிலையத்தில் வேலை. வேலைச் சட்டையோடே கட்டிலில் வந்து அமர்ந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. கஞ்சி கொடுத்தேன் என்றேன். அவர் இங்கிலிஷில் சொன்னதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் வீட்டில் அம்மா ஒருநாளும் கஞ்சி காய்ச்சியதில்லை. காய்ச்சல் வந்தாலும் சோறுதான். நீர்த்துப்போன எதையும் அவர் வீட்டுக்குள் விட்டதில்லை."

மகளுக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது, ஆட்சியைப் பிடித்த ஆயுதக்காரர்கள், மூன்று நாளில் திரும்பலாம் என்று சொல்லி அவர்களைப் பட்டணத்திலிருந்து துரத்தி வயலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பானை சட்டி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். வீட்டில் அடுப்பு மூட்டினால் குற்றம். ஆளுக்கொரு கரண்டி மட்டும் வைத்திருக்கலாம். மணி அடித்ததும் கரண்டியோடு பொதுக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே ஊற்றுவது கஞ்சி. பருக்கைகளை எண்ணிவிடலாம். அன்ரி தன் பங்கின் அடியைத் துழாவி, பருக்கைகளை மகளின் தம்பிக்குக் கொடுப்பார். காவல்காரர் பார்க்கிறார்களா என்று இடமும் வலமும் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நீங்கள் சாப்பிடவில்லையா என்று தம்பி கேட்டால், ஞாம் ஹாய்.

"தம்பிக்கு நாலு வயது. கொடுத்தும் அவன் செத்துப்போனான்" என்றார் மகள். "இந்த நோய் வந்த பிறகு அம்மா அவனை மறந்துவிட்டார். நோயால் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று நினைத்திருந்தேன்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நாங்கள் மறக்கக் கூடாது என்று காய்ச்சுகிற கஞ்சியால், மறந்துபோய் நிம்மதியாக இருந்த ஒருத்தியிடம் பசித்த பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை சாப்பிடும் வரைக்கும் அவர் சாப்பிட மாட்டார். அந்தப் பிள்ளை இனிச் சாப்பிடப் போவதும் இல்லை.

பிறகு செய்யாதது ஒன்றுமில்லை. மகள் ஒவ்வொரு நாளும் குழையாத சோறும் பொரித்த கருவாடும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு முன்னால் இருந்து, தானே தம்பியைப்போலத் தின்று காட்டினார். வயிறு நிறைந்துவிட்டது அம்மா என்று அவர்கள் மொழியில் கெஞ்சினார். அன்ரி ஒவ்வொரு கவளத்தையும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் தட்டு வெறுமையானதும் தன் சோற்றை அதில் தள்ளிவிட்டார். மகள் கழிப்பறைக்குப் போய்த் தின்றதையெல்லாம் சத்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் தின்றார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மாதாவிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. ஒரு வாய், மாதாவே, ஒரே ஒரு வாய் என்று நான் இருக்கும் பிக்கரிங்கிலிருந்து வரும் ரயிலில் காலைதோறும் முணுமுணுத்தேன். பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்று சொன்னவர்கள் இந்த அன்ரியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வைகாசியின் கடைசிக் கிழமையில் ஒருநாள் மகளால் வர முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் மட்டும்தான். அவர் அனுப்பிய சோற்றை அன்ரியின் தட்டில் போட்டு, பக்கத்துக் கதிரையில் அமர்ந்தேன். அது அந்தப் பிள்ளையின் கதிரை. அன்ரி சோற்றை அள்ளி என் பக்கம் நீட்டினார். அந்தக் கையில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை.

மகள் இத்தனை நாளும் தின்று காட்டியும் அன்ரி ஏமாறவில்லை. அவர் பொய்யையே அவருக்குத் திருப்பிச் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கரண்டியை மெல்ல அவர் பக்கம் தள்ளி, அவருடைய குரலிலேயே சொன்னேன்.

"ஞாம் ஹாய்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். இப்போது சாப்பிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் குனிந்து, உள்ளங்கையை என் வயிற்றில் வைத்து அமுக்கிப் பார்த்தார். விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடி வந்த வயிறு அது. ஒரு தேத்தண்ணிகூட உள்ளே போகவில்லை. அவர் உச்சுக்கொட்டினார். கள்ளி என்பதுபோல ஒரு பார்வை. பிறகு கரண்டியை எடுத்து என் வாயில் திணித்தார். நான் அழுதுகொண்டே விழுங்கினேன். தட்டு வழித்து முடியும்வரை தீத்திவிட்டார். கடைசிப் பருக்கையையும் தேடி எடுத்தார். அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் அதன் பிறகு எந்த முகத்திலும் பார்க்கவில்லை.

ஆனி பிறந்த சில நாட்களில் அன்ரி போய்விட்டார். கரண்டியைக் கையில் வைத்தே எரித்தார்கள்.

இந்த வருடமும் நான் வைகாசிக் கஞ்சி குடித்தேன். கோப்பையைக் கையில் எடுத்தபோது அம்மா சொன்னது காதில் விழுந்தது. மணலில் வெட்டிய பங்கர் குழியில் எனக்குப் பக்கத்தில் இருந்து, தன் கோப்பையை என்னிடம் தள்ளிவிட்டு, "நான் குடிச்சிட்டன், நீ குடி" என்றார். நான் குடித்தேன். அம்மாவின் வயிறு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிடும் என்றுதான் தொடவில்லை.