ஹாலில் இருந்த ஒரே பெரிய பிளக்

அப்பா இறந்த மறுநாள் மதியம் முழுக்க நான் அழவில்லை. பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்பதால் சொந்தக்காரர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நம்புகிறார்கள். அங்கே எனக்கு ஒரு மெயில் போகவில்லை என்றாலே பக்கத்து சீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுவேன். அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

எங்கள் தாம்பரம் வீட்டுக்கு வயர்லெஸ் பிரிண்டரை வாங்கி வந்து இணைத்தவன் நான். அதற்கு ஒரு நாள் முழுசாகப் போயிற்று. முடிந்த பெருமையில், இனி வயருக்கெல்லாம் வேலையே இல்லை என்று அறிவித்து, கூடவே வந்த வயரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அப்பா நம்பவில்லை. சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டுகளை டைப் செய்து கொடுப்பவர் அவர். படுக்கையறையில் லேப்டாப்பில் பட்டனை அமுக்கிவிட்டு, தடியை ஊன்றி ஹாலுக்கு வந்து பிரிண்டர் முன்னால் நிற்பார்.

"நான் வந்துட்டேன். உன் பேப்பர் இன்னும் வரலையேடா."

அந்த லேப்டாப்பில் அவரே எழுதி மெட்டுப்போட்ட பாட்டு ஒன்று இருந்தது. நாலு சரணம். மெட்டு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். தன்னைத் தூக்கும் முன் வீட்டு ஜெபத்தில் அதைப் பாட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டார். வந்தவர்கள் வாய்க்குள் முணுமுணுக்கக் கூடாதாம், வார்த்தையைப் பார்த்துப் பாட வேண்டுமாம். அவர் கடைசியாகக் கேட்டது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஜெராக்ஸ் கடைகள் மூடியிருந்தன. வண்டலூர் பக்கம் போய்ப் பார்க்கிறேன் மச்சான் என்று தங்கையின் வீட்டுக்காரர் பைக் சாவியை எடுத்தார். வீட்டிலேயே வயர்லெஸ் இருக்கும்போது எதற்கு என்று அவரை உட்காரவைத்தேன்.

நாற்பது பிரதி என்று போட்டு அமுக்கினேன். பிரிண்டர் ஆஃப்லைன் என்றது லேப்டாப். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மறுபடி அமுக்கினேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, அழுத்தி அமுக்கினால் அதற்கு உறைக்கும் என்பதுபோல, திரும்பத் திரும்ப அமுக்கினேன். இன்டர்நெட் நன்றாகவே வந்தது, அதனால் வைஃபை மேல் சந்தேகம் வரவில்லை. துக்கம் கேட்க வந்த பெரியப்பா ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அது மேல கை வச்சு ஜெபம் பண்ணுப்பா என்றார். கேலியா நிஜமா தெரியவில்லை. வைத்தும் பார்த்தேன்.

இரண்டடி தள்ளி ஐஸ் பெட்டிக்குள் அப்பா. பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

போதகர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சுவரைக் காட்டினார்.

"காலையில அந்த வைஃபை வயரை நீதானடா பிடுங்கின?"

நான்தான். பெட்டியைக் கொண்டுவந்தவர், "சார், இத்த எக்ஸ்டென்சன்ல போட்டா எரிஞ்சி பூடும், நேரா செவுத்துல குடுங்க" என்றார். ஹாலில் பெரிய பிளக் ஒன்றுதான். அதிலிருந்த வைஃபையைப் பிடுங்கி அப்பாவுக்கு இடம் கொடுத்தது என் கை. கரண்ட் போகிற நாட்களுக்காக, லேப்டாப் என் போனிலிருந்து தானாக நெட் எடுத்துக்கொள்ளும்படி செய்துவைத்திருந்த மேதையும் நானே. வைஃபை இல்லாமலே நெட் வந்தது அதனால்தான்; பிரிண்டருக்குத்தான் எதுவும் போய்ச் சேரவில்லை.

இருந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வெளியே ஷாமியானாவில் ஃபேனுக்குப் போயிருந்தது. எடுத்துவர எழுந்தேன்.

"பெட்டியைப் பிடுங்கு" என்றார் அம்மா.

கை போகவில்லை.

"பத்து நிமிஷம் பொறுத்துக்குவாரு. பாட்டு வேணும்னு கேட்டதே அவருதான."

பிடுங்கினேன். உறுமல் நின்றதும் ஹால் முழுவதும் அடங்கிப்போயிற்று. வைஃபையைச் சொருகியதும் அதில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, லேப்டாப் போனை விட்டு அதற்கு மாறியது. பிரிண்டர் தொண்டையைச் செருமிவிட்டு முதல் தாளைத் தள்ளியது.

ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். அம்மா எடுத்துக்கொடுக்க, எல்லோரும் பார்த்துப் பாடினார்கள், தப்பும் தவறுமாக, சத்தமாக. நாலு சரணமும் முடிந்தன. பிரிண்டர் முடிக்கவில்லை. நான் கோபத்தில் அமுக்கிய ஒவ்வொரு தடவைக்கும் நாற்பது. போதகர் கண்ணை மூடி ஜெபிக்கும்போதும் அது தள்ளிக்கொண்டே இருந்தது. தங்கையின் வீட்டுக்காரர் ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினார். அம்மா வேண்டாமென்று தலையசைத்தார். அந்தச் சத்தத்தோடுதான் அப்பாவைத் தூக்கினோம்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது தாள் தீர்ந்து பிரிண்டரில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தரை ஈரம். அதில் விழுந்து கிடந்த தாள்களில் மை கரைந்திருந்தது. இன்னும் பாக்கி இருக்கிறது, நிறுத்திவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன். நிறுத்தும் வழி எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"பேப்பர் வை" என்றார்.

வைத்தேன். அம்மா பிரிண்டர் பக்கத்தில் நின்று, வரவர ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொண்டார்.