கோட்டுக் காலரில் மஸ்க் வாசனை

வல்லம் வடகால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். நிமிர்த்தி வைத்த பலகையின் முன் நின்றுகொண்டு, அதிலிருக்கும் கிளிப்புகளில் வயர்களைப் பிரித்து மாட்டி டேப் சுற்ற வேண்டும். மேல் வரிசைக் கிளிப்புக்குக் கையை நன்றாகத் தூக்கினால்தான் எட்டும். எங்கள் லைனில் எல்லோரும் பெண்கள். எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். கல்யாணமாகி ஓரிரு வருடம் ஆன, என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். சித்திரை வெயில். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஏறிய கம்பெனி பஸ் ஒரகடம் தாண்டியதும் நின்றுவிட்டது. மீதித் தூரம் நடந்தேன். அந்த பஸ்ஸில் எங்கள் லைனிலிருந்து நான் ஒருத்திதான். முகம் கழுவக்கூட நேரமில்லாமல், வியர்வையில் ஒட்டிய சுடிதார் மேலேயே யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு மீட்டிங்குக்கு ஓடினேன்.

ஷிஃப்ட் தொடங்கும்முன் எல்லோரும் வரிசையாக நிற்போம், அவர் ஏதாவது பேசுவார். அன்று பேச்சைப் பாதியில் நிறுத்தி, கர்ச்சீஃபை எடுத்து மூக்கில் வைத்தார்.

"யாருங்க இது, இப்படி நாறுது?"

வரிசையோடு நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"நீங்கதானா. வீட்ல தண்ணி வரலையா? இது நாத்து நடுற எடம் இல்லம்மா. கம்பெனி. கஸ்டமர் வந்து போற எடம்." பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "நாளையிலேர்ந்து லைன்ல எல்லா லேடீஸும் சென்ட் போட்டுட்டுதான் வரணும். இந்த ஒரு அம்மாவால எல்லாருக்கும் சேத்து சொல்ல வேண்டியிருக்கு."

சிலர் சிரித்தார்கள். பஸ் நின்றுபோனதைச் சொல்லியிருக்கலாம்.

அன்று முழுக்க மேல் வரிசைக் கிளிப்புக்குக் கையைத் தூக்க முடியவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, குதிகாலை உயர்த்தி எக்கி எக்கி மாட்டினேன். பக்கத்துப் பலகையில் நிற்பவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். "யக்கா, கைய நல்லா தூக்குங்க. எனக்கு ஒண்ணும் அடிக்கல," என்றாள். அவள் ஆறுதலாகச் சொன்னதுதான். அதுவும் எரிந்தது. வீட்டுக்கு வந்து தோல் சிவக்கும்வரை தேய்த்துக் குளித்தேன். "எம்மேல நாத்தம் அடிக்குதா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வேல செஞ்சா வேர்க்காம இன்னா பண்ணும்? படு," என்றார். படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்த ஆள் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் படப்பையில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன். கடையில் இருந்த பெண் ஒவ்வொன்றாக என் மணிக்கட்டில் அடித்துக் காட்டினாள். மல்லிகை வேண்டாம் என்றேன். தலை வலிக்கிற மாதிரி ஒன்று, அதுவும் வேண்டாம். கடைசியில் ஒன்றை அடித்தாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பவுடர் போட்ட குழந்தையைத் தூக்கி இறக்கிய பிறகு நம் மேல் தங்குமே, அப்படி ஒரு வாசனை மெல்ல எழுந்தது. அடியில் லேசான இனிப்பு. ஒரு உடம்புச் சூடு.

"மஸ்க் அக்கா இது. டெய்லி போட்டுக்கலாம். கிட்ட வந்தாதான் தெரியும். ஆனா துணில பட்டுச்சின்னா லேசுல போவாது."

என் யோசனை அந்தக் கடைசி வார்த்தையிலிருந்துதான் கிளம்பியது.

சூப்பர்வைசர் பைக்கில் வருபவர். ரோட்டில் லாரிப் புழுதிக்காகக் கம்பெனி கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார். வந்ததும் லைன் முனையில் இருக்கிற தன் நாற்காலியின் முதுகில் மாட்டிவிடுவார். தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழி அதை ஒட்டித்தான். நான் பாத்ரூமில் மணிக்கட்டில் மஸ்க்கை அடித்துக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் தண்ணீர் குடிக்கப் போவேன். போகிறபோது காலரில் ஒருமுறை மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுப் போவேன். தினமும். அவர் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த லைனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்.

"அந்தக் கோட்ட ஏன் தொடுதீய?" என்று ஒருநாள் பக்கத்துப் பெண் கேட்டாள்.

"தூசி கீது," என்றேன்.

அவள் வேறு கேட்கவில்லை. என் சென்ட் பிடித்துப்போய் அவளும் அதையே வாங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் பலர் வாங்கினார்கள். ரூல் போட்டிருக்கிறாரே, எதையாவது போடத்தானே வேண்டும். கொஞ்ச நாளில் லைன் முழுக்க ஒரே வாசனை. அவர் எங்கள் நடுவில் நின்றே பழகியவர், அவர் மூக்குக்கு அது தெரியவில்லை. வீட்டில் இருக்கிற மூக்குக்குத் தெரிந்தது.

முதலில் அவருக்கு மனைவி கட்டிக் கொடுக்கிற டிபன் பாக்ஸ் வருவது நின்றது. கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு க்யூவில் நின்றார். அன்றைக்கு அங்கே போட்ட தண்ணீர்ச் சாம்பாரை நான் ரசித்துச் சாப்பிட்டேன். பிறகு சட்டை கசங்கி வந்தது. டீ நேரத்தில் ஷெட்டுக்கு வெளியே நின்று போனில் கெஞ்சிக்கொண்டிருப்பார். "சத்தியமா யாரும் இல்ல" என்று ஒருமுறை என் காதிலேயே விழுந்தது. எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் வேண்டும் என்றுதான் இருந்தது.

வீட்டில் சந்தேகம் கிளப்புவது எங்கள் சென்ட் வாசனைதான் என்று எப்படியோ அவருக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேஜைக்கு வந்தார்.

"எல்லாரும் ஒரே சென்ட்டா போடறீங்க?"

"நீங்கதான சார் போடச் சொன்னீங்க," என்றேன்.

"சரி, இனிமே வேணாம். நிறுத்திடுங்க."

"மீட்டிங்ல சொன்னது சார். அங்கயே சொல்லிடுங்க."

அவர் மீட்டிங்கில் சொல்லவில்லை. நாங்களும் நிறுத்தவில்லை. நான் காலரையும் விடவில்லை.

சில நாள் கழித்து, டீ நேரத்தில் போனைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அம்மா, என் வொய்ஃப் லைன்ல இருக்கா. அவங்க அம்மா வீட்டுக்குக் கெளம்பறேங்கிறா. லேடீஸ் எல்லாரும் இந்த சென்ட்தான் போடறாங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க பெரியவங்க, சொன்னா நம்புவா."

அந்த 'அம்மா'வுக்கு எவ்வளவு மரியாதை வந்திருந்தது.

"சொல்றேன் சார். ஆனா எல்லாரும் எதுக்கு திடீர்னு சென்ட் போடறாங்கன்னு கேப்பாங்க. அத மொதல்ல நீங்க சொல்லுங்க. அன்னிக்கு எங்கிட்ட இன்னா சொன்னீங்களோ, அதே வார்த்த. ஸ்பீக்கர்ல போடுங்க."

சுற்றிலும் லைன் பெண்கள் டீ டம்ளரோடு நின்றிருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நாறுது என்று சொன்னதை 'ஸ்மெல்' என்று மாற்றினார்.

"அந்த வார்த்த இல்ல சார்," என்றேன்.

"நாறுதுன்னு சொன்னேன்," என்றார் போனிடம். வீட்ல தண்ணி வரலையா, நாத்து நடுற எடம் இல்ல, எல்லாவற்றையும் சொன்னார். தலை குனிந்தே இருந்தது. நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

போனில் அவர் மனைவியின் குரல் வந்தது. "அந்த அக்கா இருக்காங்களா?"

"கீறேம்மா. நாங்க எல்லாரும் அதே சென்ட்தான் போட்டுக்கினு வரோம்," என்றேன்.

"என்கிட்டயும் இப்படித்தான்கா பேசுவாரு. வெங்காய நாத்தம், குளிச்சிட்டு வந்து பக்கத்துல உக்காருன்னு. எங்க மாமியார் முன்னாடியே சொல்வாரு. நீங்க அந்த சென்ட்ட நிறுத்தாதீங்கக்கா."

போனை வைத்துவிட்டாள். கோட்டு விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் மீட்டிங்கில், சென்ட் அவரவர் இஷ்டம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. காலரைத் தொடுவதை விட்டுவிட்டேன். அவர் கோட்டு கொண்டுவருவதையே நிறுத்தியிருந்தார். அவர் மனைவி அம்மா வீட்டுக்குப் போனாளா, திரும்பி வந்தாளா என்று எங்களுக்குத் தெரியாது. டிபன் பாக்ஸ் மட்டும் வரவே இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது, அவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். டீ நேரத்தில் ஒவ்வொருவரிடமும் வந்து கைகொடுத்துக்கொண்டு போனார். "பாவம்லா யக்கா," என்றாள் பக்கத்துப் பெண்.

என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"கை வேலயா கீது சார்," என்றேன்.

என் இரண்டு கைகளும் காலியாகத்தான் இருந்தன. அவரும் அதைப் பார்த்தார். நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.