மலேசியாவில் ஆடியவர்

ஒகேனக்கல்லில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மாலிஷ்காரர் அவர். நாற்பதைத் தாண்டிய முகம், இருபது வயதுக்காரனின் தொடை. ஆள் வராத நேரத்தில் பாறை ஓரம் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார்.

என் முதுகை அமுக்கியபடி, "மலேசியாவுல ஒரு கிளப்புல மூணு வருசம் ஃபுட்பால் பிளேயருங்க" என்றார். பக்கத்து மாலிஷ்காரர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

பெயரைக் கேட்டு, குப்புறப் படுத்தபடியே போனில் தேடினேன். அவர் ஆட்ட விவரம் படத்தோடு வந்தது. உரக்கப் படித்தேன்.

"மூணு சீசன். ஆடின மேட்ச்..."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"...ஜீரோ."

அருவிச் சத்தத்தை மீறிச் சிரித்தார்கள். என் முதுகில் அவர் கை மட்டும் நிற்கவேயில்லை.

"எப்பக் கூப்புட்டாலும் எறங்கணுமேன்னு, ஒவ்வொரு மேட்சுக்கும் கோட்டுக்கு வெளிய ஓடிக்கிட்டேதான் இருந்தேனுங்க. கூப்புடலீங்க" என்றார்.

போன மாதம் மறுபடி போனேன். என்னைக் கண்டதும் ஒருவன் கத்தினான்.

"ஏ ஜீரோ, ஆளு வந்திருக்குது பாரு!"

நான் வைத்துவிட்டுப் போன பெயர். பாறை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் கூப்பிட்ட மறுநொடியே என்னை நோக்கி ஓடிவந்தார்.