திருப்பிப் போட்ட ஜெர்ஸி

அஸ்தினாபுரம் கிரிக்கெட் டீமுக்குப் பதினாறு வருடமாக ஷாகுல்தான் விக்கெட் கீப்பர். மறைமலை நகர் கம்பெனியில் எந்த ஷிப்ட் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்கு வந்துவிடுவான். கேப்டன் குமரவேல் அவனுடைய பள்ளித் தோழன். ஷாகுலின் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்தவன்.

இந்த வருடம் குமரவேல் ஒரு கட்சியில் வட்டச் செயலாளர் ஆனான். ஷாகுல் தேர்தலில் எதிர்க்கட்சிக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன். அதுவரை இருவரும் அதைக் கிண்டலாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஃபைனல் அன்று காலை குமரவேல் புது ஜெர்ஸி கொடுத்தான். நெஞ்சில் அவன் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இத என்னால போட முடியாதுடா."

"டீமுக்காகப் போடுடா. ஒரு நாள்தானே?"

"எங்க தலைவர் படத்த நீ போடுவியா?"

குமரவேல் அடுத்தவனுக்கு ஜெர்ஸி கொடுக்கப் போனான். ஷாகுல் ஜெர்ஸியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்கினான். கடைசி ஓவரில் அவன் செய்த ஸ்டம்பிங்கில்தான் டீம் ஜெயித்தது. எல்லாரும் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள்.

கோப்பை கொடுக்க வந்த கட்சிக்காரர் குமரவேலின் காதில் ஏதோ சொன்னார். குமரவேல் ஷாகுலிடம் வந்து, தரையைப் பார்த்தபடி, "போட்டோவுக்கு மட்டும் நீ வேணாம் மச்சான். தப்பா நெனைச்சுக்காத" என்றான்.

இரண்டு நாளில் பஸ் ஸ்டாப்பில் கோப்பையோடு டீம் நிற்கும் போட்டோ போட்டுப் பெரிய பேனர் வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த மனைவி ஃபஹீமா, "நீங்கதானே ஜெயிக்க வெச்சீங்க, உங்களக் காணோமே?" என்று கேட்டாள்.

"போட்டோ எடுக்கறப்ப தண்ணி குடிக்கப் போயிருந்தேன்" என்றான் ஷாகுல்.

அடுத்த ஞாயிறு அவன் கிரவுண்டுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று குமரவேலும் கேட்கவில்லை.