தோள் மாறிய ஊக்கு

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

அலாரம் அலறியது. மணி இரண்டு நாற்பது. அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அலாரத்தை நிறுத்தினாள். அறையில் வேறு சத்தமே இல்லை.

அதுதான் முதல் கோளாறு.

பிறந்து மூன்று வாரம் ஆகாத அந்தப் பிள்ளை, அலாரத்தை முந்திக்கொண்டு அழாத இரவே கிடையாது.

இது கட்டிவிட்ட கதை இல்லை. அந்த வீட்டில் படுத்து எழுந்தவள் சொன்னது. சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்த விவரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கணவனுக்கு பேக்கரியில் இரவு வேலை. பொழுது சாய்ந்து போனால் விடிந்துதான் வருவான், முழங்கை வரை மாவோடு. பிள்ளைக்கு அவன் வைத்த பட்டப்பெயர் 'முதலாளி'.

"ராத்திரி பூரா கத்துறான், பகல்ல குறட்டை விடுறான், எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்றான். வேற என்னன்னு கூப்பிடுறது?"

முதல் வாரம் அவள் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை.

முதலாளி மார்பில் வாய் வைத்து இரண்டு இழுப்பு இழுப்பான். உடனே வில்லாக வளைவான். கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க வீறிடுவான். உள்ளே போன கொஞ்சமும் அவள் தோளில் வந்துவிடும். புட்டியை வைத்தால் நாக்காலேயே தள்ளிவிடுவான்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸ் அக்கா, அவனைத் தொங்கு தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பிறந்த எடைக்கே இன்னும் வரலையேம்மா. அடுத்த புதனும் ஏறலைன்னா ஆஸ்பத்திரிதான். மூக்குல குழாய் போட்டுப் பால் விடுவாங்க."

"சரிக்கா."

"என்ன சரி? கடைசியா எந்தப் பக்கம் கொடுத்தே?"

அவளுக்கு நினைவில்லை.

நர்ஸ் அக்கா பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து அவளிடம் நீட்டினாள். "அடுத்து கொடுக்க வேண்டிய பக்கத்துத் தோள்ல இது இருக்கணும். கொடுத்து முடிச்சதும் மாத்திக் குத்திக்கோ. தூக்கக் கலக்கத்துலயும் கை தானா செஞ்சிடும்."

அன்று படுக்கும்போது ஊக்கு இடது தோளில் இருந்தது. அவளே குத்தியது.

இப்போது, இரண்டு நாற்பதுக்கு, அது வலது தோளில் இருந்தது.

பிள்ளை தொட்டிலில் கை விரித்துத் தூங்கினான். உதட்டோரம் ஒரு சொட்டுப் பால். 'தூக்கத்துலயே கொடுத்துட்டேன் போல' என்று நினைத்துப் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் இடது மார்பு கல்லாகக் கனத்தது. குடித்த பக்கம் இளகித்தானே இருக்க வேண்டும்? கவனித்தாள். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

ஜன்னலோரம் ஒரு பழைய சாய்வு நாற்காலி. வீட்டோடு வந்தது. துவைத்த துணிகளை அதில்தான் குவித்து வைப்பாள். அந்தத் துணிகள் இப்போது அழகாக மடிக்கப்பட்டுத் தரையில் இருந்தன.

"துணியை நீங்களா மடிச்சீங்க?"

"நான் இப்பதானே வர்றேன்? நீதான் மடிச்சிருப்பே."

"இருக்கும்."

தூக்கம் கெட்ட வீடு. யார் எதைச் செய்தார்கள் என்று இருவருமே கேட்பதை விட்டு நாளாகிவிட்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பகலில் அவள் மடியில் வளைந்து வீறிடுகிற பிள்ளை, இரவில் மூச்சுக் காட்டாமல் தூங்கினான். கன்னம்கூட லேசாக உப்பியது. காலையில் பாலைப் பிழிந்து கழுவும் தொட்டியில் ஊற்றும்போதெல்லாம் அவள் ஒன்றை மட்டும் பார்த்தாள். ஊக்கின் வாய் வெளிப்பக்கம் பார்த்திருந்தது. அவள் குத்தினால் அது உள்பக்கம்தான் பார்க்கும்.

செவ்வாய் இரவு அலாரம் வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழித்தே கிடந்தாள்.

இரண்டு இருபது. பிள்ளை முனகினான்.

எழ நினைத்தாள். உடம்பு அசையவில்லை.

தொட்டில் ஒருமுறை ஆடி நின்றது. முனகலும் நின்றது.

ஜன்னலோரம் நாற்காலி கிறீச்சிட்டது... யாரோ உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

பிறகு... குளுக்... குளுக்...

விழுங்குகிற சத்தம். அவள் மடியில் ஒருநாளும் கேட்காத சத்தம்.

நெடுநேரம்.

முதுகில் தட்டும் சத்தம். மெல்ல... மெல்ல...

சின்னதாக ஓர் ஏப்பம்.

தொட்டில் மறுபடி ஆடியது.

கட்டிலோரம் பால் வாடை.

இடது தோளில் விரல்கள். ஐஸ்போல.

க்ளிக்.

ஊக்கு கழன்றது.

வலது தோளில்... க்ளிக்.

அப்போது புரிந்தது. எதிரில் நின்று குத்தினால்தான் ஊக்கின் வாய் வெளிப்பக்கம் பார்க்கும்.

புதன்கிழமை தராசு முள்ளைப் பார்த்த நர்ஸ் அக்கா கைதட்டினாள். "அடேயப்பா, முந்நூறு கிராம்! ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம். இப்படியே விடாம கொடு."

பையை மாட்டித் திரும்பிய நர்ஸ் அக்காவின் கண்ணில் துணிக் குவியல் இல்லாத நாற்காலி பட்டது. முகம் மாறியது.

"இதை இன்னுமா தூக்கிப் போடல?"

தராசைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் அக்காவோடு கீழே போன கணவன், வெளிறிப்போய் ஏறி வந்தான்.

"நமக்கு முன்னாடி இங்க ஒரு பொண்ணு இருந்தாளாம். நர்ஸக்காதான் வந்து பார்த்தாங்களாம். குழந்தை ஒரே வாரத்துல போயிடுச்சு. அவளுக்குப் பால் மட்டும் நிக்கல. கட்டிக்கிட்டு, காய்ச்சல் கண்டு... அந்த நாற்காலியிலயே..."

"ஊக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்? குழந்தை போன பிறகும், கடைசி வரைக்கும், தோள் மாத்தி மாத்திக் குத்திக்கிட்டே இருந்தாளாம்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பெட்டியை இழுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தான். "இன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போறோம். எந்திரி."

முதலாளி விழித்துக்கொண்டான். அவள் மடியில் போட்டு மார்போடு அணைத்தாள். இரண்டு இழுப்பு. வில்லாக வளைந்தான். வீறிட்டான். குடித்ததெல்லாம் அவள் தோளில்.

அவள் துடைத்தாள். பிள்ளையைத் தொட்டிலில் விட்டாள். சாய்வு நாற்காலியில் அவன் இழுத்துப் போட்டிருந்த துணிகளை எடுத்துத் தரையில் வைத்து, அதைக் காலி செய்தாள்.

"அடுத்த புதன் வரைக்கும் இருப்போம்ங்க. இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும்."