மஞ்சள் தண்ணீர் தெளித்த முட்டைகள்

முட்டையின் அகன்ற முனையில் ஊசி இறங்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். நகத்தால் நகத்தைத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். தெல்லிப்பழைப் பக்கம் நான் வேலை செய்யும் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் அந்தச் சத்தத்தை ஒரே ஒரு பகல்தான் கேட்டேன். நாலு வருடமாகியும் அது காதை விட்டுப் போகவில்லை.

ஊசி போட்டவர் அப்போது எங்கள் நிலையத்தில் வேலை செய்த மிருக வைத்தியர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் ‘டொக்டர்’ என்பேன், அவர் என்னை ‘அக்கா’ என்பார். இறைச்சிக்கோழிக் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே வயிற்றோட்டத்தில் சாவதும், அதற்குப் பயந்து நாங்கள் குடிதண்ணீரில் அன்ரிபயோட்டிக் கலப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டாம் நாள், குஞ்சு முட்டைக் கோதுக்குள் இருக்கும்போதே நல்ல கிருமிகளைச் செலுத்திவிட்டால் மருந்தைக் குறைக்கலாம் என்று முதலாளியை நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முதலாளி, “ஒருக்காச் செய்து பாருங்கோ. பிழையாய்ப் போச்செண்டால் பிறகு இந்தக் கதையே எடுக்கக்கூடாது” என்றார்.

அந்தப் பதினெட்டாம் நாளுக்கு முதல்நாள்தான் என் பெரியப்பாவின் செத்தவீடு. சாவுத் தீட்டு, அந்தத் துடக்கோடு வேலைக்குப் போகக்கூடாதுதான். ஆனால் முட்டையை வெளிச்சத்தில் பிடித்து உயிருள்ளதைப் பிரித்தெடுக்க அங்கே என்னை விட்டால் ஆளில்லை. தலைமுழுகிவிட்டுப் போனேன். நான் எடுத்துக் கொடுக்க, டொக்டர் பாதித் தட்டு முட்டைகளுக்கு ஊசி போட்டார்; மிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார். மத்தியானம் அவர் சாப்பிடப் போனார். தட்டுகளைப் பொரிக்கும் பெட்டிக்குள் வைப்பது மட்டும்தான் பாக்கி.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மூன்று நாளில் வெளியே வரப்போகும் உயிர்களைத் துடக்குக் கையால் தொட்டுவிட்டேனே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, வீட்டில் தெளிப்பதுபோலத் தெளித்தேன். அதுவும் ஊசி போட்ட தட்டுகளுக்கு மட்டும். குத்துப்பட்டவை பாவம் என்று. டொக்டர் பார்த்தால் சிரிப்பார் என்று கறையைத் துணியால் ஒற்றியும் விட்டேன். துளை விழுந்த கோதில் ஈரம் பட்டால் அதோடு கிருமியும் உள்ளே போகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இருபத்தோராம் நாள் ஊசி போடாத முட்டைகள் ஒழுங்காகப் பொரித்தன. போட்டவற்றில் பாதி திறக்கவேயில்லை. வெளியே வந்த குஞ்சுகளின் தொப்புள் ஆறாமல் நாறியது. டொக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “அக்கா, நான் சாப்பிடப் போன நேரம் ஆரும் உள்ளை வந்தவையோ?” என்று கேட்டார்.

“இல்லை டொக்டர், ஒருத்தரும் வரேல்லை.”

பொய்யில்லை. ஒருவரும் வரவில்லை, நான் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது. “அப்ப என்ரை ஊசிதான் சுத்தமில்லை” என்றார் அவர். முதலாளியிடமும் அப்படியே சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் எழுந்து நிற்கிறேன். கொட்டிலில் குஞ்சுகளின் தண்ணீருக்குள் மருந்தைக் கலக்கும்போது என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கும்.

போன கிழமை, கரவெட்டியில் சொந்தமாகக் குஞ்சு பொரிக்கத் தொடங்கப்போகும் ஒருவர் முதலாளியிடம் வந்து அதே ஊசியைப் பற்றி விசாரித்தார். முதலாளி கையை விரித்தார். “அது சரிவராது தம்பி. நாங்கள் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டனாங்கள். இவவைக் கேளுங்கோ, இவதான் பக்கத்திலை நிண்டவ.”

“ஊசியிலை பிழையில்லை” என்றேன். “செத்தவீட்டுத் துடக்கெண்டு நான்தான் முட்டையளுக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சனான். அந்த டொக்டர்ப் பிள்ளையிலை ஒரு குற்றமும் இல்லை.”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தீங்களே, இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளையை விட்டுக்குடுக்கிறா இல்லை. மஞ்சள் கிருமியைக் கொல்லுமெல்லோ, குஞ்சைக் கொல்லுமே?”

வந்தவரும் சிரித்தார். “அப்ப உந்த வேலை வேண்டாம் அண்ணை” என்று எழுந்தார்.

நாலு வருடமாக நான் பயந்ததெல்லாம், சொன்னால் நம்பிவிடுவார்களே என்றுதான்.