பாவு போடாத மாதம்

நான்கு வயதில் என் மகளுக்கு மாதம் ஒருமுறை காய்ச்சல் வந்தது. நூற்றிமூன்றைத் தொடும். மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் தொடங்குவோம். ஐந்தாம் நாள் இறங்கும். மருந்து கேட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

வீட்டில் மனைவியும் மாமனாரும் பட்டு நெய்கிறார்கள். தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல்தான் பாவு. ஒரு பாவில் மூன்று புடவை, நெய்ய ஒரு மாதம். அது தீர்ந்ததும் விடியற்காலையில் புதுப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவார்கள். காய்ச்சல் அதை ஒட்டியே வந்தது. கஞ்சியும் பனியும்தான் காரணம் என்றார் மாமனார். செய்தியாளனான நான் ஒரு நோட்டில் இரண்டு தேதிகளையும் எழுதிப் பார்த்தேன். ஐந்து மாதம் பொருந்தியது. நம்பிவிட்டேன்.

குழந்தை டாக்டர் நம்பவில்லை. "அடுத்த காய்ச்சலுக்கு ஒண்ணும் குடுக்காம மொத நாளே தூக்கினு வாங்க. அதுலயும் தெரியலன்னா சென்னையில எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்கணும்."

மஜ்ஜை என்றதும் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"தறிய நிறுத்த முடியுமா மாப்ள? கொயந்தய மாகறல்ல பெரியவ ஊட்டுல உடுங்க," என்றார் மாமனார், நாங்கள் வீடு திரும்பியதும். தறி இல்லாத அந்த வீட்டில் விட்டு வந்தோம். அந்த மாதம் பட்டு வரத் தாமதமாகி, எங்கள் வீட்டிலும் பாவு போடவே இல்லை.

எட்டாம் நாள் காலை மனைவியின் அக்கா போன் செய்தார். "ஒடம்பு கொதிக்குது தம்பி. வாயெல்லாம் புண்ணு. இங்க எந்தப் பாவு, எந்தக் கஞ்சி?"

அன்றே குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போனோம். கழுத்தைத் தடவிப் பார்த்தார், நெறி கட்டியிருந்தது. ரத்தம் எடுத்தார், மஜ்ஜைக் கோளாறு என்றால் குறைய வேண்டிய வெள்ளணுக்கள் குறையவில்லை. பிறகு என் நோட்டை வாங்கி, பாவுத் தேதிகளை அடித்துவிட்டு, ஒரு காய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நாட்களை எண்ணினார். இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இன்றோடு மறுபடி இருபத்தெட்டு.

"இத எண்ணலயா சார் நீங்க? பீரியாடிக் ஃபீவர் மாதிரி இருக்குது, நாள் கணக்கு வெச்சுத் திரும்பத் திரும்ப வர்ற காய்ச்சல். கிருமி இல்லாமலே ஒடம்பு சண்ட போடுது. ஒரே ஒரு வேளைக்கு ஸ்டீராய்டு தரேன். சாயங்காலத்துக்குள்ள இறங்குனா நான் சொல்றது சரி. இறங்கலன்னா சென்னை."

பதினொரு மணிக்கு மருந்து கொடுத்தோம். ஒரு மணிக்கு நூற்றிமூன்று. மூன்று மணிக்கு நூற்றிரண்டரை. மாமனார் வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இருப்பா," என்றாள் மனைவி.

ஐந்தரைக்குத் தொண்ணூற்றொன்பது. அவள் தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்தாள். அதே எண். டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அப்ப சென்னை வேணாம். ஆனா திரும்ப வரும் சார், பயந்துடாதீங்க. வளர வளர நின்னுடும்."

"ஸ்பீக்கர்ல போடு," என்றாள் போனை ஒட்டிக் காது வைத்திருந்த மனைவி. "இன்னொரு தபா சொல்லச் சொல்லு."